சீனன்குடாவில் விமானம் கலைக்கும் காற்று: லைடாரா, கம்பத்துக் காற்றுமானியா?

இறங்கும் விமானம் இறக்கை நுனிகளில் உருட்டிவிடும் சுழல்களைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையில் வீசும் தென்மேற்குக் காற்றான கச்சான் தானாகவே எழுப்பும் கொந்தளிப்பிலிருந்து அவற்றைப் பிரித்தறிவதே சிக்கல். எனவே, அங்குள்ள சீனன்குடா விமானத்தள ஓடுபாதையருகே கருவி நிறுத்துவதாயின், விமானம் வருமுன் இருந்த காற்றையும் ஒழுங்காகப் பதிவது எது என்றே முதலில் கேட்க வேண்டும்.

டொப்ளர் லைடார், தூசியிலும் உப்புத் துகளிலும் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து கதிரின் திசையிலான வேகத்தை மட்டும் கணிக்கிறது. கடலோரத்தில் துகளுக்குப் பஞ்சமில்லை. 60 தொன் எடையுள்ள சி-130 சரக்கு விமானம் விநாடிக்கு 65 மீற்றர் வேகத்தில் வந்தால், கோட்பாட்டுக் கணக்குப்படி அதன் சுழல்கள் விநாடிக்கு ஏறத்தாழ 1.2 மீற்றர் வீதம் தாழும். அந்த இறக்கத்தை உயரத்திலிருந்தே தொடர்ந்து காட்டுவதில் லைடாருக்கு நிகரில்லை. ஆனால் ஒவ்வோர் அளவீடும் கதிர் நெடுகப் பல பத்து மீற்றருக்குச் சராசரியாவதால் சிறு சுழிப்புகள் மங்கிவிடும். மார்கழி அடைமழையிலோ கதிர் தொலைவு செல்லாது.

மீயொலிக் காற்றுமானி, ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் முனைகளுக்கிடையே ஒலி செல்லும் நேர வேறுபாட்டைக் கொண்டு, மூன்று திசை வேகங்களையும் விநாடிக்கு 20 தடவை பதியும். விமானம் தலைக்கு மேலால் கடந்த கையோடு 10 மீற்றர் கம்பத்தின் பதிவில் பெரிதாக எதுவும் தெரியாது; சுழல்கள் நிலத்தை நெருங்கிப் பக்கவாட்டில் விலகும்போதுதான் குறுக்குக் காற்று சட்டென வலுக்கும், சிலவேளை திசையே புரளும். அதற்கு முந்திய அரை மணி நேரப் பதிவும் அதே கருவியில் இருப்பதால், விமானம் சேர்த்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். ஒற்றைக் கம்பத்தைச் சுழல் தவறவிடக்கூடும் என்பதால் ஓடுபாதைக்குக் குறுக்கே ஒரு வரிசை வேண்டும். மழைத்துளி முனையில் ஒட்டினால் இதுவும் தடுமாறும்.

காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்க ஆய்வு விமானத்தின் மூக்கில் பொருத்தும் ஐந்துளை அழுத்தக்கோல் இவ்வேலைக்கு ஏற்றதன்று. அது தன் விமானமே முன்னால் தள்ளும் காற்றையும் சேர்த்தளக்கும். தாழ்வாகப் பறந்து சுழலுக்குள் நுழைவதும் ஆபத்து.

கச்சான் பகலில் சுழல்கள் விரைவில் சிதையும். காற்று ஓய்ந்த விடியலில் அவை நிலைக்கும். மெல்லிய குறுக்குக் காற்று ஒரு சுழலை ஓடுபாதை மேலேயே தேக்கிவைக்கவும் கூடும். பின்னால் வரும் 4 தொன் செஸ்னா சிறுவிமானத்துக்கு அதுவே கவலை. ஆகையால் என் தெரிவு கம்பங்களின் வரிசை. லைடாரைச் சில வாரங்களுக்கு இரவல் வாங்கினால் போதும்.