மூழ்கிய மீன்பிடிப் படகும் குளிர்கடலும்: மூன்றடுக்குத் துணி ட்ரைசூட் எப்படி?

கடலடியில் கிடப்பது சிறிய படகுதானே, ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடலாம் என்று வெட்சூட்டோடு (தண்ணீர் உள்ளே புகும் ரப்பர் முக்குளிப்பு உடை) இறங்குவது தவறான கணக்கு. பெரிய கப்பலென்றால் நீந்திக்கொண்டே இருப்போம். சிறிய படகில் வலை இழுக்கும் வின்ச்சையும் சுக்கானையும் இயந்திர அறையையும் பார்க்க ஒரே இடத்தில் மிதந்து நிற்க வேண்டும். அசையாத உடம்பில் குளிர் சீக்கிரம் ஏறும். போதாததற்கு, 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைவிட மூன்று மடங்கு. வெட்சூட்டின் ரப்பரான நியோபிரீனின் காற்றுக்குமிழிகள் நசுங்கி 7 மி.மீ. வெட்சூட்டும் மெலிந்துவிடும். தண்ணீர் உள்ளே புகாத மூன்றடுக்குத் துணி ட்ரைசூட்டில் குளிரைத் தடுப்பது உள்ளாடையும் அதில் தங்கும் காற்றும்தான். இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குள் காற்றைச் செலுத்தினால் அந்தக் கதகதப்பு அப்படியே இருக்கும். இந்த வேலைக்கு எங்கள் தேர்வு இதுதான்.

ஆனால் பழகாமல் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். இயந்திர அறையை எட்டிப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்ந்தால் காற்று முழுவதும் காலுக்கு ஓடிவிடும். வெளியேற்றும் வால்வு இடது மேல்கையில் இருப்பதால் அந்தக் காற்றை வெளியேற்றவும் முடியாது. கால் முன்னே போக உடம்பு மேலே பாயும். உடனே முழங்காலை மடக்கி, உருண்டு நிமிர வேண்டும். உடலைக் கிடைமட்டமாக வைத்து, சூட் உடம்பை அழுத்தாத அளவுக்கு மட்டும் உள்ளே காற்றைச் செலுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஏறும்போது வால்வை முழுவதும் திறந்து இடது முழங்கையை உயர்த்துங்கள்.

கயிற்றை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் தசைநாண்கள் புடைத்து தண்ணீர் புகாமல் மூடும் லேட்டக்ஸ் பட்டைக்கடியில் தண்ணீர் கசியும். பட்டையை முழங்கைப் பக்கம் சற்று ஏற்றிப் போட்டால் குறையும். தடித்த கையுறையில் விரல் சரியாக மடங்காது. படகில் சிக்கிக் கிடக்கும் நைலான் நரம்பு வலையை அறுக்கக் கத்தியைவிட வலுவான கத்தரிக்கோல் நல்லது; இரண்டு கைக்கும் எட்டும்படி மார்பருகே மாட்டுங்கள்.

மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் உறைவதை சூட் தடுக்காது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான நீருக்கென்று சான்று பெற்றதையே வாங்குங்கள். மூச்சை இழுக்கும் அதே நொடியில் சூட்டுக்கோ மிதவைச் சட்டைக்கோ காற்று விடாதீர்கள். ரெகுலேட்டரின் ஒரே முதல்நிலையில் (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) காற்று வேகமாகப் பாய்ந்தால் அது மேலும் குளிர்ந்து, உறைந்து, காற்று நிற்காமல் கொட்டத் தொடங்கும்.

பழைய சூட் வாங்குவதானால் கழுத்துப் பட்டையை இழுத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, பட்டையை மாற்றும் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.