பல்கலைக்கழக நிகழ்ச்சி நாட்காட்டி: வெளியாள் ஒருத்தியின் விமர்சனம்

நான் மாணவி இல்லை, பேராசிரியையும் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் ஷிஃப்ட் வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே நடக்கும் சொற்பொழிவு, நாடகம், பாட்மின்டன் என்று எதற்கு வேண்டுமானாலும் போவேன். ஷிஃப்ட் அட்டவணை முன்கூட்டியே கையில் வந்துவிடுவதால், எந்த மாலை எனக்கு ஓய்வு என்பது தெளிவாகத் தெரியும். அந்த மாலையில் அங்கே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் போதும். அதற்காகவே அவர்களுடைய ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ நாட்காட்டியைப் போனில் சேர்த்து வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி நாட்காட்டி வைத்திருக்கும் பல இடங்களுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கல்வி நிகழ்ச்சிகளைப் போடுகிறவர் யாரோ, வேலை தெரிந்தவர். பேசுகிறவர் பெயர், தலைப்பு, நாலு வரிச் சுருக்கம், கட்டடம், மாடி, அறை எண் எல்லாம் இருக்கும். சுருக்கத்தைப் படித்தாலே நமக்குப் புரியுமா, புரியாதா என்று முடிவு செய்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் பேசுகிறவர்களின் நேரத்தையும் சரியாக மாற்றிப் போடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். ஐரோப்பாவில் அதையே மார்ச் கடைசி ஞாயிறு செய்வார்கள். இடைப்பட்ட வாரங்களில் கணக்குப் போட்டே பலர் குழம்பிப்போவார்கள். இந்த நாட்காட்டி ஒருமுறைகூடக் குழம்பியதில்லை.

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுகளையும் விடாமல் போடுகிறார்கள். யாரும் போய் உட்காரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பல வருட உழைப்பை ஒருவர் முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டு, கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வதைப் பார்ப்பது எனக்கு எந்தக் கச்சேரிக்கும் குறைந்ததில்லை. சுவீடனில் ஆய்வேட்டை இப்படியொரு தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே பலகையில் ஆணியடித்து மாட்டுகிற வழக்கம் உண்டு. ஊருக்கே அறிவிப்பு! அந்த ஆணியின் உறுதி இந்த நாட்காட்டியின் மற்ற பகுதிகளில் கொஞ்சமாவது இருந்திருக்கலாம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, ரத்தான நிகழ்ச்சியை அழித்துவிடுவது.

ஒரு மாலை இசை நிகழ்ச்சி பார்க்கக் கிளம்பிப் போனேன். அரங்கம் பூட்டியிருந்தது. போனை எடுத்துப் பார்த்தால் அந்த நாளில் ஒன்றுமே இல்லை, காலி. அப்படியொரு நிகழ்ச்சி இருந்ததா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வாசலில் இருந்த காவலாளிதான், “அது தள்ளி வச்சாச்சு மேடம், எப்பன்னு சொல்லலை” என்றார். ‘ரத்து’ அல்லது ‘ஒத்திவைப்பு’ என்று ஒரு வார்த்தை நாட்காட்டியில் இருந்திருந்தால் வீட்டிலிருந்தே தெரிந்திருக்கும்.

எரிச்சல் எதற்கு என்றால், அதற்கான வசதி நாட்காட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த நாட்காட்டிகள் எல்லாம் ஐகேலண்டர் என்ற பொது வடிவத்தில் வருகின்றன. 1998-இல் வந்து, 2009-இல் திருத்தப்பட்ட வடிவம் அது. கூகுள், ஆப்பிள், அவுட்லுக் என்று எதில் சேர்த்தாலும் இது ஓடுவதற்கு அதுதான் காரணம். அந்த வடிவத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. தற்காலிகம், உறுதி, ரத்து என்று மூன்றில் ஒன்றைப் போடலாம். இவர்கள் அதைத் தொடுவதே இல்லை. தேதி மாறினாலும் பழைய பதிவைத் திருத்தாமல், அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுகிறார்கள். இதுவும் அதுவும் ஒரே நிகழ்ச்சிதான் என்பது படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் இரண்டு பட்டன்கள் இருக்கின்றன: ஒன்று டவுன்லோட், மற்றது சப்ஸ்கிரைப். டவுன்லோட் செய்தால் அன்றைக்கு இருந்தபடியே போனில் உறைந்துவிடும். பிறகு அவர்கள் மாற்றுவது எதுவும் உங்களுக்கு வராது. சப்ஸ்கிரைப் செய்தால்தான் மாற்றங்கள் வரும். அதுவும் உடனே வராது. கூகுள் கேலண்டர் தனக்குத் தோன்றும்போதுதான் போய்ப் பார்க்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், நம்மால் அவசரப்படுத்த முடியாது. ஆப்பிள் மேக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி வைக்கலாம். இந்த விவரம் எதையும் அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை. டவுன்லோட் பட்டன்தான் பெரிதாக, பளிச்சென்று இருக்கிறது. பாதிப் பேர் அதைத்தான் அழுத்துவார்கள்.

அப்புறம் விளையாட்டு. இங்கேதான் நாட்காட்டி ரொம்பத் திணறுகிறது. ‘கல்லூரிகளுக்கு இடையிலான பாட்மின்டன், காலை 9 மணி முதல்’ என்று ஒரே ஒரு வரி. எந்தக் கோர்ட், யாருக்கும் யாருக்கும், ஒன்றும் கிடையாது. எட்டு அணிகள் நாக்அவுட் ஆடினால் ஏழு ஆட்டம். அதே எட்டு அணிகள் லீக் ஆடினால் இருபத்தெட்டு. எது நடக்கிறது என்று தெரியாமல் அரை நாள் லீவு போட முடியுமா? அரையிறுதிக்கு மட்டும் தனிப் பதிவு இருந்தது: ‘வெற்றியாளர் 1 எதிர் வெற்றியாளர் 2’. ஆட்டம் முடிந்து கோப்பையும் கொடுத்த பிறகும் அது அப்படியே கிடந்தது.

பாட்மின்டனுக்கு நேரம் சொல்வது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டே கேமில் முடிகிற ஆட்டமும் உண்டு, மூன்றாவது கேமுக்கு இழுத்துக்கொண்டு போகிற ஆட்டமும் உண்டு. ஆனால் டென்னிஸ் போட்டிகளில் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ‘இந்த நேரத்துக்கு முன் தொடங்காது’ என்று போட்டுவிடுவார்கள். தாமதமாகலாம், ஆனால் நீங்கள் வருவதற்குள் முடிந்துவிடாது. பார்க்க வருகிறவருக்கு அந்த ஒரு உத்தரவாதம் போதும்.

இன்னொரு வேடிக்கை, எல்லா நிகழ்ச்சியும் இங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கால்பந்து இறுதி ஆட்டம் 5 முதல் 6 வரை. முழு நீள நாடகம் 6 முதல் 7 வரை. கால்பந்தில் ஆட்ட நேரமே தொண்ணூறு நிமிடம், இடைவேளை வேறு, சமநிலை என்றால் கூடுதலாக முப்பது நிமிடம், அப்புறம் பெனால்டி. முடியும் நேரத்தைக் கொடுக்காவிட்டால் மென்பொருளே ஒரு மணி நேரம் என்று போட்டுக்கொள்கிறது போலிருக்கிறது. அதை யாரும் மாற்றுவதில்லை. இரவு ஷிஃப்டுக்குப் போக வேண்டியவளுக்கு, தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம்தான் முக்கியம்.

தொடங்கும் நேரம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அக்கா மகன் ஜெர்மனியில் படிக்கிறான். அங்கே வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்று அர்த்தமாம். 10 என்றால் 10.15. ‘எஸ்.டி.’ என்றால் சரியாகப் பத்து. “தாமதத்தையும் சொல்லிட்டுத்தான் செய்றாங்க சித்தி” என்கிறான். இங்கேயும் கலை நிகழ்ச்சிகள் எப்படியும் கால் மணி, அரை மணி தாமதம்தான். அதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் கோபம் வராது.

கலை நிகழ்ச்சிகளுக்கு மாணவர்கள் வரைகிற போஸ்டர்கள் அழகாக இருக்கின்றன, அதில் குறையே இல்லை. ஆனால் தேதி, நேரம், இடம் எல்லாம் அந்தப் படத்துக்குள் மட்டுமே இருக்கின்றன. தேடினால் கிடைக்காது. கண் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது வெறும் படம்தான். கீழே ‘அனைவரும் வருக’ என்று இருக்கும். வாசலில் போய் நின்றால் அடையாள அட்டை கேட்பார்கள். அந்த ‘அனைவரும்’ யார் யார் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

நிகழ்ச்சிப் பிரிவுக்கு இதையெல்லாம் எழுதிப் போட்டேன். ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. பார்ப்போம்.

செமினார், சொற்பொழிவுக்கு மட்டும் போகிறவர் என்றால் யோசிக்காமல் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், டவுன்லோட் வேண்டாம். விளையாட்டுக்கு இதை நம்ப வேண்டாம். உடற்கல்வித் துறை நோட்டிஸ் போர்டில் அட்டவணை ஒட்டியிருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கலை நிகழ்ச்சி என்றால் கிளம்புவதற்கு முன் அவர்கள் பக்கத்தை நேரடியாகத் திறந்து பாருங்கள், போனில் இருப்பது பழசாக இருக்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ரத்தானதை அழிக்காமல் ‘ரத்து’ என்று போட ஆரம்பித்தால் அன்றைக்கே நாலாக்கிவிடுவேன்.