பில்டர் காபிக்குக் கொட்டையா, தூளா?

எங்கள் வீட்டில் காபித்தூள் வாங்குவதை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. வறுத்த கொட்டையை வாங்கி வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதைக் கைமெஷினில் அரைத்து பில்டரில் போடுகிறோம். வீட்டுக்கு வந்து காபி குடித்தவர்களில் சிலர், தாங்களும் மாறலாமா என்று கேட்கிறார்கள். மாறலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்தப் பதில் பொருந்தாது. நான் சொல்வது நம் ஊர் பில்டரில் இறக்கிப் பாலோடு சேர்க்கும் டிகாஷனைப் பற்றி மட்டும்.

வாசனை விஷயத்தில் பெரிய விவாதமே கிடையாது. வறுத்த கொட்டைக்குள் கார்பன் டை ஆக்சைடும் மணம் தரும் பொருட்களும் அடைபட்டிருக்கும். அரைத்தவுடன் காற்று படும் பரப்பு பல மடங்காகி, இரண்டும் வேகமாக வெளியேறிவிடும். இறுக்கமாக மூடிய டப்பாவில் கொட்டை மூன்று நான்கு வாரம் நன்றாகவே இருக்கும். தூளோ ஒரு வாரத்தில் மங்கத் தொடங்கிவிடும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைக் கொட்டைப் பக்கம் இழுத்தது வாசனை இல்லை, அரைக்கும் பதம்.

இரண்டு வீட்டு பில்டர்களை எடுத்து மேல் டப்பாவின் அடியைப் பார்த்தால் தெரியும், துளைகள் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் துளை பெரிதாகவும் எண்ணிக்கை குறைவாகவும் இருக்கும், சிலவற்றில் ஊசி முனை அளவில் நெருக்கமாக இருக்கும். பில்டரின் அளவும் கணக்கில் சேரும். இரண்டு பேருக்குப் போடும்போது தூள் மெல்லிய அடுக்காகக் கிடக்கும். ஆறு பேருக்குப் போட்டால் அதே தூள் கனமான அடுக்காகி, தண்ணீர் இறங்க அதிக நேரம் எடுக்கும். ஆக, ஒரு பில்டருக்குச் சரியான தூள் இன்னொன்றுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தூள் ரவை பதத்தில் இருந்தால் வெந்நீர் மளமளவென்று கீழே போய்விடும். டிகாஷன் தண்ணியாக, கொஞ்சம் புளிப்புத் தட்டும். பாலில் கலந்தால் நிறமே ஏறாது. ரொம்ப நைஸாக இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பாதித் தண்ணீர் மேலேயே நிற்கும். பில்டரைத் தட்டுவது, மூடியைத் திறந்து ஸ்பூனால் கிளறுவது, மேலும் கொதிநீர் விடுவது என்று காலை நேரத்தில் நடக்கும் பாடு பலருக்கும் பழக்கமானது. அதற்குப் பிறகு இறங்குவதில் கசப்பு தூக்கலாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது: ரவையை விட நைஸ், ஆனால் விரலில் தேய்த்தால் மணல் மணலாகத் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் எங்கள் பில்டரில் கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் முழுவதும் இறங்கிவிடுகிறது, டிகாஷனும் கள்ளிச்சொட்டாக வருகிறது.

பாக்கெட் தூளில் இந்தப் பதத்தை நாம் தொடவே முடியாது. எல்லா பில்டருக்கும் ஒரே அரைப்பு. சிக்கரி கலந்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். சிக்கரி காபியை விட எளிதாகத் தண்ணீரில் கரையும், ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும், அதனால் டிகாஷன் மெதுவாகத்தான் இறங்கும். காபியும் சிக்கரியும் 80:20 ஆன கலவையில் நன்றாக இறங்கிய பில்டர் 60:40 கலவையில் அடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். வீட்டில் அரைத்தால், இன்று மெதுவாக இறங்கியது என்றால் நாளைக்கு மெஷினின் திருகை ஒரு சொடுக்கு தளர்த்தினால் போதும். மூன்று நான்கு தடவைக்குள் நம் பில்டருக்கான இடம் பிடிபட்டுவிடும். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

கண் முன்னால் வறுத்து அரைத்துத் தரும் கடைகளை இங்கே விட்டுவிட முடியாது. கும்பகோணம், சேலம், மயிலாப்பூர் என்று காபி வாசனை தெருமுனை வரை வரும் இடங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. பாக்கெட்டுக்கும் கொட்டைக்கும் நடுவே இது ஒரு நல்ல வழி. "கொஞ்சம் கரகரப்பா அரைச்சுக் குடுங்க" என்று சொன்னால் செய்து தருவார்கள். ஆனால் பதம் சரியா என்பது வீட்டுக்கு வந்து பில்டரில் போட்ட பிறகுதான் தெரியும். திருத்த அந்தத் தூள் தீரும் வரை காத்திருக்க வேண்டும். மெஷினில் முந்தைய வாடிக்கையாளரின் தூளும் சிறிது தங்கியிருக்கும், நைஸ் அரைப்பாக இருந்தால் அதுவும் நம் பையில் சேரும்.

கொட்டையில் இன்னொரு வசதி, வாங்குவது என்ன என்று கண்ணால் பார்க்கலாம். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக வளர்ந்தது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிளான்டேஷன் ஏ என்ற தரத்துக் கொட்டை தட்டையாக, நடுக்கோடு வெளிறித் தெரியும். வறுவல் ஒரே சீராக இருக்கிறதா, உடைந்த கொட்டை எவ்வளவு என்பதெல்லாம் கையில் அள்ளினாலே விளங்கும். தூளில் இவை எதுவும் தெரியாது. சிக்கரி விகிதம் மட்டும் லேபிளில் இருக்கும். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. கடைகளில் 53:47 பாக்கெட்டுகள் அவ்வளவு கிடைப்பது இதனால்தான்.

இனி மெஷின். இது சரியாக அமையாவிட்டால் கொட்டை வாங்கிப் பயனில்லை. மிக்ஸியில் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது, பாதி ரவையாகவும் பாதி மாவாகவும் வரும். அந்த மாவு துளையை அடைக்கும், ரவை சாரத்தை விடாது. மிக்ஸிதான் இருக்கிறது என்றால் நான் தூளையே சிபாரிசு செய்வேன். வேண்டியது இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே அரைக்கும் பர் வகை மெஷின். அந்தக் காலத்து வீடுகளில் மேசை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மெஷினும் இதே வேலையைத்தான் செய்தது. இன்று கிடைக்கும் கைமெஷின்களில் பீங்கான் பற்கள் உள்ளவை விலை குறைவு, ஆனால் மெதுவாக அரைக்கும். எஃகுப் பற்கள் உள்ளவற்றுக்குச் சில ஆயிரம் ஆகும். பில்டர் பதத்துக்கு எஃகே நல்லது.

பராமரிப்பு கஷ்டமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். வாரம் ஒருமுறை கழற்றிக் காய்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். எஃகுப் பற்களில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், துருப்பிடிக்கும். ரொம்பக் கறுக வறுத்த, எண்ணெய் மினுமினுக்கும் கொட்டையைத் தவிர்ப்பது நல்லது. அந்த எண்ணெய் பற்களில் படிந்து, நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நடுத்தர வறுவல் மெஷினுக்கும் நல்லது, டிகாஷனுக்கும் நல்லது. சிக்கரியை மெஷினில் போடவே கூடாது. அது தனியாகத் தூளாகவே கிடைக்கிறது, அரைத்த காபியோடு ஸ்பூன் கணக்கில் கலந்துகொள்ளலாம். நாங்கள் நான்கு பங்கு காபிக்கு ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கிறோம். சொந்தமாகக் கலப்பதால் இந்த அளவையும் நாக்குக்கு ஏற்ப மாற்ற முடிகிறது.

வறுத்து ஓரிரு நாளே ஆன கொட்டையாக இருந்தால், வெந்நீர் விட்டதும் தூள் நுரைத்துப் பொங்கி அமுக்குத் தட்டை மேலே தூக்கும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, அரை நிமிடம் பொறுத்து மீதியை விட்டால் சரியாகிவிடும்.

விலையில் கொட்டை கிலோவுக்குக் கூடுதலாகத் தெரியும். ஆனால் பாக்கெட் தூளின் எடையில் ஒரு பகுதி சிக்கரி என்பதை மறக்கக் கூடாது. ஒரே ரகக் காபியை ஒப்பிட்டால் பெரிய இடைவெளி இல்லை. செலவு என்றால் அது மெஷின்தான்.

தூளிலேயே இருக்க வேண்டியவர்களும் உண்டு. கைமெஷின் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இருபது முப்பது கிராம்தான் கொள்ளும். ஆறேழு பேர் இரண்டு வேளை குடிக்கும் வீட்டில் காலையில் மூன்று தடவை சுற்றுவது தொந்தரவு. கையில் மூட்டுவலி உள்ள பெரியவர்கள்தான் காபி போடுகிறார்கள் என்றால் அவர்களிடம் இந்த வேலையைத் தள்ளக் கூடாது. நாற்பது சதவீதச் சிக்கரி ருசிக்குப் பழகியவர்களுக்கும் வித்தியாசம் அவ்வளவு தெரியாது, அங்கே சிக்கரியின் ருசியே முன்னால் நிற்கும். இவர்கள் கடையில் அரைத்த தூளை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவது மேல். கால் கிலோ அரைக் கிலோவாக வாங்கி வைப்பதில்தான் பாதி ருசி போகிறது.

மின்சார பர் மெஷின் பெரிய குடும்பத்துக்குத் தீர்வாகலாம். நான் தெரிந்தவர் வீட்டில் சில தடவை பயன்படுத்தியதோடு சரி. பதம் நன்றாக வந்தது, சத்தம் அதிகம். நாலைந்து வருடம் உழைக்குமா என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. சிக்மகளூர், ஏற்காடு எஸ்டேட்களின் லேசான வறுவல் கொட்டைகளையும் பில்டரில் போட்டுப் பார்த்தேன். பாலோடு சேரும்போது எனக்கு அவை எடுபடவில்லை, ஆனால் நான் பார்த்தது ஒன்றிரண்டு ரகம்தான்.

மெஷின் வாங்கும் முன் ஒன்று செய்து பார்க்கலாம். பர் மெஷின் வைத்திருப்பவர் யாராவது இருந்தால், ஒரே கடையில் ஒரே ரகத்தில் நூறு கிராம் தூளும் நூறு கிராம் கொட்டையும் வாங்குங்கள். தூளைச் சிக்கரி இல்லாமல் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு குழம்பும். தூளை உங்கள் பில்டரில் போட்டு இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கொட்டையை அரைத்து அதே பில்டரில், அதே அளவு தண்ணீரில் போடுங்கள். கடைத்தூளே இருபது நிமிடத்துக்குள் கெட்டியாக இறங்கினால், உங்கள் கடைக்காரர் உங்கள் பில்டருக்குச் சரியாக அரைக்கிறார். மெஷினுக்கான பணத்தை வைத்துக்கொண்டு அவரிடமே வாராவாரம் வாங்குங்கள்.