கனசதுரமா, உருளையா, அரைக்கோளமா? தடைக்குப் பின்னால் சுழலும் நீர்

நீர் ஓடும் கண்ணாடித் தொட்டியின் தரையில் ஒரு தடையை ஒட்டி, அதன் பின்னால் எழும் சுழல்களைப் பார்க்க வேண்டும். எந்த வடிவத்தை ஒட்டுவது? மூன்றையும் ஒட்டிப் பார்த்ததில் என் பதில்: முதலில் கனசதுரம்.

காரணம் அதன் கூரிய விளிம்புகள். நீர் எந்த இடத்தில் பரப்பை விட்டுப் பிரிய வேண்டும் என்பதை முன்விளிம்புகளே முடிவுசெய்துவிடுகின்றன. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த இடம் பெரும்பாலும் அசையாது. உருளையில் அப்படியில்லை. எல்லைப் படலம், அதாவது பரப்பை ஒட்டி மெதுவாக நகரும் மெல்லிய நீரடுக்கு, சீராக ஓடும்வரை, முன்முனையிலிருந்து சுமார் 80 பாகையில் நீர் பிரியும். ரெனால்ட்ஸ் எண் (வேகமும் தடையின் அளவும் கூடினால் கூடும், நீரின் பாகுத்தன்மை கூடினால் குறையும் எண்) சில லட்சங்களை எட்டிப் படலம் கொந்தளிக்கத் தொடங்கினால், பிரியும் இடம் 120 பாகை வரை பின்னே நகரும். இழுவிசை சட்டென்று சரியும். சின்னத் தொட்டியில் அளந்ததைப் பெரிய தூணுக்கு அப்படியே பொருத்த முடியாது.

கனசதுரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக ஒரு சொட்டு மை விடுங்கள். மை கனசதுரத்தின் முன்முகத்தைத் தொடுவதற்கு முன்பே தயங்கி, தரையை விட்டு எழுந்து, பாய்போலச் சுருளும். மேலிருந்து முகத்தின் வழியே இறங்கி, தரையில் பின்வாங்கும் நீர்தான் அதைச் சுருட்டுகிறது. சுருள் இருபுறமும் வளைந்து பின்னால் நீள்வதால் அதற்குக் குதிரைலாடச் சுழல் என்று பெயர். கனசதுரத்தின் பின்னால், தரையில் இரு கால் ஊன்றிய வளைவுச் சுழல் ஒன்று உண்டு. அதைக் கண்ணால் தேடாதீர்கள். கணத்துக்குக் கணம் எல்லாம் கலைந்துகொண்டே இருக்கும், நேரச் சராசரி எடுத்தால்தான் துலங்கும். ஆய்வாளர்கள் மார்ட்டினுசியும் ட்ரோபியாவும் 1993இல் வெளியிட்ட கால்வாய் அளவீட்டில், ரெனால்ட்ஸ் எண் 40,000இல், பிரிந்த நீர் கனசதுரத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல் சுமார் 1.6 மடங்கு தள்ளித்தான் மறுபடி தரையைத் தொட்டது.

அழகுக்கு உயரமான உருளை. இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும் கார்மான் வரிசையை அதில் கண்குளிரப் பார்க்கலாம். சுழல்கள் நொடிக்கு எத்தனை முறை கழலும் என்பதை விட்டத்தால் பெருக்கி ஓட்ட வேகத்தால் வகுத்தால் வரும் ஸ்ட்ரூஹால் எண் ஏறக்குறைய 0.2 என்பதால், 2 செ.மீ. விட்டமும் நொடிக்கு 10 செ.மீ. வேகமும் இருந்தால் நொடிக்கு ஒரு சுற்று. கையால் தாளம் போடலாம். ஆனால் உருளையை வெட்டிக் குட்டையாக்கினால், உச்சியைத் தாண்டி இறங்கும் நீர் அந்தத் தாளத்தைக் கெடுத்துவிடும். எந்த உயரத்தில் கெடும் என்பது எல்லைப் படலத்தின் தடிமனையும் பொறுத்தது.

அரைக்கோளத்தைக் கடைசியில்தான் வைப்பேன். மெதுவான ஓட்டத்தில் கொண்டை ஊசி போன்ற சுழல்களை ஒன்றன்பின் ஒன்றாக விடும். கொந்தளிப்பு எப்படிப் பிறக்கிறது என்று படிப்பவர்களுக்கு அது அருமை, மற்றவர்களுக்கு அவசரமில்லை.

பாலத் தூணின் அடி ஏன் அரிக்கிறது என்பது உங்கள் கேள்வியானால் மட்டும் நேராக உருளைக்குப் போங்கள், தரையில் மணல் பரப்புங்கள். குழி முதலில் தூணின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் சுற்றி விழும். அங்கிருந்து கிளம்பிய மணல் பின்னால் மேடாகக் குவியும்.