முதலில் மவுஸா, மானிட்டரா? அறுநூறு வெள்ளிக்குள் ஓர் அலசல்

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் அறுநூறு வெள்ளியோடு (மலேசிய ரிங்கிட்) கடைக்கு வந்து நின்றான். செம்பனை நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்பும் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. “மாமா, மானிட்டர் மாத்தவா, மவுஸ் மாத்தவா? நல்லதா ரெண்டும் வாங்கக் காசு பத்தாது.”

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவனுக்கு இது புதுக் கேள்வி இல்லை. 2020இல் வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். முன்பெல்லாம் “மானிட்டர்தான்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொன்ன பதிலை நம்பி ஒரு தம்பி ஐந்நூறு வெள்ளிக்கு மேல் செலவழித்துவிட்டு, மூன்று மாதம் என்னைத் திட்டிக்கொண்டு திரிந்தான். அந்தக் கதை அப்புறம்.

அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஹால் மூலையில் அம்மாவின் பழைய தையல் மிஷின் மேசை. அதன் மேல் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று, அதாவது வினாடிக்கு 60 தடவை படம் மாற்றுவது. பக்கத்தில் எந்த அலுவலகமோ கழித்துக் கட்டிய மவுஸ், இடது பொத்தான் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. கணினி மட்டும் பரவாயில்லை, வாலரண்டில் 200 எஃப்பிஎஸ், அதாவது வினாடிக்கு 200 படம், தாண்டி வரைகிறது. பையன் விளையாட்டின் தரவரிசையில் கோல்டு என்ற படியில் மாட்டிக்கொண்டு ஆறு மாதமாக நகரவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9. 240இல் 4.2, 360இல் 2.8. அதாவது 60இலிருந்து 144க்குத் தாவினால் கிட்டத்தட்ட 10 மில்லிவினாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் 3கூட இல்லை. அங்கிருந்து 360க்குப் போனால் ஒன்றரைகூடத் தேறாது. விலை மட்டும் குறையாமல் ஏறும்.

மவுஸுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. சாதாரண அலுவலக மவுஸ் பெரும்பாலும் வினாடிக்கு 125 தடவைதான் தான் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்லும், 8 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. விளையாட்டு மவுஸ் என்று விற்பதில் மலிவானதுகூடப் பெரும்பாலும் 1000 தடவை சொல்லும், மில்லிவினாடிக்கு ஒன்று. மிச்சம் 7. இப்போது 8000 ஹெர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டு வருகிறதே, அதில் கூடுதலாகக் கிடைப்பது ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. பழைய பிராசசராக இருந்தால் அதற்கு வேலை கொடுத்து எஃப்பிஎஸ்ஸைக் கெடுத்தாலும் கெடுக்கும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மானிட்டர் மாற்றினால் 10, மவுஸ் மாற்றினால் 7. இரண்டுமே அதிகபட்சக் கணக்கு, சராசரி இதில் பாதிதான். ஆனால் நான் வாங்கிக் கொடுத்த விலையில் முதலாவது ஐந்நூறு வெள்ளிக்கு மேல், இரண்டாவது எண்பது வெள்ளிக்குள். இதைக் கவனித்த நாளிலிருந்துதான் “மானிட்டர்தான்” என்று சொல்வதை நிறுத்தினேன்.

“மனுஷன் பார்த்துக் கையை அசைக்கவே 200 மில்லிவினாடிக்கு மேல ஆகுதே, இதுல ஏழு என்ன, பத்து என்ன?” என்று கடைக்கு வரும் அண்ணன் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. எதிரிக்கும் அதே 200தான் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், மானிட்டரின் பலன் மில்லிவினாடிக் கணக்கில் முழுசாக அடங்காது என்பது. அதைக் கண்ணால்தான் காட்ட முடியும்.

கடையில் ஒரு 60 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறேன். சந்தேகப்படுகிறவரிடம் மவுஸைக் கொடுத்து, அம்புக்குறியை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு அரை வினாடியில் இழுக்கச் சொல்வேன். திரை 1920 புள்ளி அகலம். 60 ஹெர்ட்ஸில் அந்த அரை வினாடிக்குள் 30 படம்தான் விழும். அம்பு ஒவ்வொரு தடவையும் 64 புள்ளி தாவித் தாவிப் போகும், நடுவில் வெற்றிடம். 144இல் 72 படம், தாவல் 27 புள்ளிக்குள். இப்போது அம்புக்குப் பதிலாக மூலையிலிருந்து குறுக்கே ஓடும் எதிரியை நினைத்துக்கொள்ளுங்கள். 60இல் அவன் இங்கே இருந்தான், அப்புறம் அங்கே இருந்தான். நடுவில் எங்கே இருந்தான் என்பது உங்கள் ஊகம். 144இல் அவன் ஓடுவது தெரியும். ஓடுபவனைக் குறிக்கோடு தொடர்வதற்கு இதுதான் பெரிய உதவி. 240 ஹெர்ட்ஸ் திரையில் தாவல் 16 புள்ளியாகக் குறையும், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நானே இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

அதனால் இதே இருநூறு எஃப்பிஎஸ் கணினியோடு, ஏற்கெனவே ஒழுங்கான 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் வைத்திருப்பவருக்கு என் பதில் யோசிக்காமல் மானிட்டர்தான். கணினி 70 எஃப்பிஎஸ் தாண்டாதவருக்கு, புது மானிட்டர் வாங்காதீர்கள் என்பதுதான். படமே வராதபோது திரை எதைக் காட்டும்?

திரைக்குள் என்ன ரகம் என்பதிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். டிஎன், விஏ, ஐபிஎஸ், ஓஎல்இடி என்று திரைப் பலகையில் நாலு ரகம். டிஎன் வேகமானது, ஆனால் நிறம் வெளிறும், சாய்ந்து உட்கார்ந்தால் படம் மாறும். விஏயில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் மலிவான விஏயில் இருட்டான இடத்தில் நிழல் இழுபடும், மை கரைந்த மாதிரி. சண்டை விளையாட்டுக்கு எனக்கு அது ஆகாது. இந்த விலையில் ஐபிஎஸ்தான் நடுநிலை. ஓஎல்இடி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், ஆனால் அது அறுநூறு வெள்ளிப் பேச்சு இல்லை. பெட்டியில் “1 மில்லிவினாடி” என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். புள்ளி நிறம் மாறுவதை வேகப்படுத்தும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்தால்தான் பல மானிட்டர்கள் அந்த எண்ணைத் தொடும், அந்த உச்சத்தில் விளிம்பெல்லாம் வெள்ளைப் பேயாகத் தெரியும். ஒரு படி கீழே வைத்து விளையாடுங்கள்.

இப்போது அந்தத் தம்பி கதை. பக்கத்து தாமான் (குடியிருப்பு). 144 ஹெர்ட்ஸ் வாங்கினான், பழைய மானிட்டரின் கேபிளையே குத்தினான், “வித்தியாசமே தெரியலண்ணே, ஏமாத்திட்டீங்க” என்று மூன்று மாதம் புலம்பினான். ஒரு நாள் அவன் வீட்டில் பிரிண்டர் பார்க்கப் போனபோது விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்பிளேயைத் திறந்தேன். 60 ஹெர்ட்ஸ். மூன்று மாதமாக 60 ஹெர்ட்ஸ்! பழைய எச்டிஎம்ஐ 1.4 இணைப்பு 1080பி படத்தைப் பொதுவாக 120 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட் கேபிள் போடுவதுதான் நல்லது. போட்டாலும் விண்டோஸ் தானாக மாறும் என்று நம்பக் கூடாது, உள்ளே போய்க் கையால் மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுத்தேன். அம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எனக்கு மைலோ கலக்கப் போனான்.

மவுஸ் பக்கம் வருவோம். பையன்கள் முதலில் பார்ப்பது டிபிஐ எண், மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளி எண்ணும் என்பது. 25,600 டிபிஐ என்றால் 8,000ஐவிட மூன்று மடங்கு நல்லது என்று நினைக்கிறார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக், வாலரண்ட் ஆடும் தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் 400இலிருந்து 1600க்குள்தான் வைக்கிறார்கள், 800 மிகவும் சகஜம். அந்தப் பெரிய எண் பெட்டிக்கு அழகு, அவ்வளவுதான். சென்சாரைப் பொறுத்தவரை நல்ல மலிவு மவுஸுக்கும் விலையுயர்ந்ததற்கும் இடையே கை உணரும் வித்தியாசம் இன்று பெரிதாக இல்லை.

பின்னே அதிக விலை எதற்கு? எடைக்கும் வயரில்லாமைக்கும். லாஜிடெக் ஜி102 வயர் மவுஸ் 85 கிராம். பேட்டரி போட்ட ஜி304 99 கிராம். ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63க்கும் குறைவு, ரேசர் வைப்பர் வி3 புரோ 54. முப்பது கிராம் என்பது கேட்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் தூக்கித் தூக்கி வைத்தால் மணிக்கட்டு சொல்லும். வயரில்லாத நல்ல மவுஸ் இப்போது வயர் மவுஸுக்கு இணையாகவே பதில் சொல்கிறது, அந்தப் பழைய பயம் தேவையில்லை. ஒன்று மட்டும்: ரிசீவரைக் கேசுக்குப் பின்னால் யுஎஸ்பி 3 துளைகளுக்கு நடுவே சொருகாதீர்கள். அந்தத் துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும், மவுஸ் பேசுவதும் அதே அலையில்தான். கூடவே வரும் நீட்டிப்பு வயரைப் போட்டு மவுஸ் பாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது கைக்கு அடங்குகிறதா என்பது. அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தன் கத்தியைத் தானே தீட்டுவார், இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார், இன்னொருவருடையதைத் தொடவும் மாட்டார். “அவங்க கை வேற, வெட்டு ஆழமாப் போயிடும்” என்பார். மவுஸும் அப்படித்தான். அக்கா மகனுக்குச் சின்னக் கை, விரல் நுனியால் பிடிக்கிறவன். எந்தச் சாம்பியன் வைத்திருந்தாலும் முதுகு உயர்ந்த பெரிய மவுஸ் அவனுக்கு ஆகாது. முடிந்தால் ஈப்போவுக்குப் போய்க் கடையில் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், அரை மணி நேர ஓட்டம்தானே. படத்தை மட்டும் பார்த்து ஷாப்பி இணையக் கடையில் வாங்கி, பிடிக்காமல் பாதி விலைக்கு என்னிடம் தள்ளிவிட்ட மூன்று மவுஸ் என் கடையில் கிடக்கிறது.

பொத்தானும் முக்கியம். டோட்டா 2 ஆடுகிறவர்கள் ஓயாமல் வலது பொத்தானைச் சொடுக்கிக்கொண்டே இருப்பார்கள். 2013இல் நம் நாட்டு ஆரஞ்ச் அணி சியாட்டலில் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த காலத்தில், இங்கே சைபர் கஃபேயில் ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான். உலோகத் தகடு உரசும் பழைய ரகச் சுவிட்ச் தேய்ந்தால் ஒரு சொடுக்கு இரண்டாக விழும். ஒளியால் இயங்கும் சுவிட்சில் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கி விளையாட்டை மட்டும் ஆடுகிறவருக்கு இது இரண்டாம் பட்சம். கைப்பேசியில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ்காரர்களுக்கு இந்த அலசலே வேண்டாம். 2024இல் நம் நாட்டு சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் கோப்பை தூக்கியதிலிருந்து அவர்கள் எங்களை மதிப்பதே இல்லை.

சரி, தையல் மேசைக்குத் திரும்புவோம். பையன் மவுஸை ஒரு சாண் நகர்த்தினால் ஆள் ஒன்றரைச் சுற்றுச் சுற்றிவிடுவான், அவ்வளவு வேகம் வைத்திருந்தான். கேட்டால், “இடம் இல்ல மாமா.” உண்மைதான், கீபோர்டு போக மிஞ்சியது 35 சென்டிமீட்டர். வாலரண்டில் 800 டிபிஐ, சென்சிடிவிட்டி எண் 0.35 என்று வைத்தால் முழுச் சுற்றுக்கு 47 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். ஆனால் திரும்பிப் பார்க்க அரைச் சுற்றுப் போதும், 23 சென்டிமீட்டர்தான், மேசையில் அடங்கிவிடும். கீபோர்டைச் சாய்த்து வைத்தோம். விண்டோஸில் கை வேகத்துக்கு ஏற்ப அம்பின் தூரத்தை மாற்றும் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ என்ற டிக்கையும் எடுத்துவிட்டோம். மேசை விரிப்பு பிளாஸ்டிக், மத்தியான வெயிலில் ஜிங்க் கூரைக்குக் கீழே முழங்கை ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. பழைய பந்துக் காலுறையின் பாதத்தை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டான். “ஏன்டா, கைக்கு எதுக்குடா மேஜோடு?” என்றார் அம்மா. துணிப் பாய்க்கும் நம் ஊர்ப் புழுக்கம் ஆகாது, ஈரம் ஏறினால் சேற்றில் இழுக்கிற மாதிரி ஆகிவிடும். மாதம் ஒரு தடவை அலசிக் காயவைத்தால் போதும்.

அன்று அவன் வாங்கியது ஒரு சின்ன வயர் மவுஸ், எண்பது வெள்ளிக்குள், கூடவே இருபது வெள்ளிக்குப் பெரிய துணிப் பாய். மீதி ஐந்நூற்றுச் சொச்சத்தைத் தீபாவளி அன்பளிப்பு வரும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்போதைய மானிட்டர் விலைக்கு அது ஏழெட்டு வெள்ளி குறைந்திருந்தது என்பது ஒரு காரணம். கை புது மவுஸுக்குப் பழகும் நேரத்தில் திரையையும் மாற்றினால், குறி தவறுவது எதனால் என்று அவனுக்கே தெரியாமல் போகும் என்பது இன்னொரு காரணம். இரண்டே வாரத்தில் அடுத்த படியான பிளாட்டினம் தொட்டான். அதில் மவுஸ் எவ்வளவு, குறைத்த வேகம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வேகத்துக்கே அதிகப் பங்கு என்று நினைக்கிறேன், அதற்குக் காசே ஆகவில்லை.

தீபாவளிக்கு அடுத்த வாரம் 24 அங்குல ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ் வந்தது. டிஸ்பிளேபோர்ட் கேபிளை நானே குத்தி, விண்டோஸில் 180 என்று மாற்றி, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். பழைய 60 ஹெர்ட்ஸ் கடை வாசலில்தான் இருக்கிறது, வேண்டியவர் சும்மா எடுத்துக்கொள்ளலாம். கேபிள் மட்டும் தரமாட்டேன்.