ஆண் கடலா, பெண் கடலா: தனுஷ்கோடித் தென்கரையும் அரியமானும்

தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு மணல்தான் இருக்கிறது. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் எங்கள் பகுதியில் சொல்வார்கள். ஒன்று அமைதியானது, மற்றது ஆவேசமானது என்ற பொருளில் அந்தப் பெயர்கள் ஆண்டின் பாதி நாள்களுக்குச் சரியாகவே பொருந்துகின்றன. அலைச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்கள் சிக்கிக்கொள்வது மீதிப் பாதியில்தான்.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பலகையை வண்டியின் மேல் கட்டிக்கொண்டு வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “அண்ணே, இந்த வாரம் தனுஷ்கோடிக்குப் போகலாமா, அரியமானுக்குப் போகலாமா?” எந்தக் கடல் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அன்றைய அலை எங்கிருந்து புறப்பட்டு வருகிறது, அன்றைய காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறது என்ற இரண்டையும் பார்த்த பிறகே பதில் சொல்ல முடியும்.

முதலில் கரைகளின் கிடப்பைப் பார்க்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைவரை நீளும் மணல்திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால், அதன் தென்கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கன்னியாகுமரிக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட அகன்ற வாய் வழியாக இந்தியப் பெருங்கடலின் அலைகள் உள்ளே நுழைந்து, நேராக இந்த மணலில் வந்து உடைகின்றன. மண்டபத்திலிருந்து தூத்துக்குடிவரை வரிசையாக உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் நிலக்கரைக்குக் காவலாக நிற்கின்றன. தனுஷ்கோடித் தென்கரைக்கு அந்தக் காவல் கிடையாது. இந்தக் கரையின் கவர்ச்சிக்கும் ஆபத்துக்கும் காரணம் இதுதான்.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டிக் கிடக்கும் அரியமான் இதற்கு நேர் எதிர். அது பார்த்திருக்கும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. தெற்கிலிருந்து வரும் பேரலைகளை ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் மறித்துவிடுகின்றன. கிழக்கை இலங்கை மறிக்கிறது. வடகிழக்கில், கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மட்டும்தான் வங்கக் கடலுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆகவே அரியமானில் நாம் காணும் அலை பெரும்பாலும் அந்த விரிகுடாவுக்குள்ளேயே அன்றைய காற்று எழுப்பிய அலை. காற்று அடங்கினால் சில மணி நேரத்தில் அதுவும் அடங்கிவிடும்.

தென்கரையின் அலையோ காற்றடங்கினால் அடங்குவதில்லை. இதை நான் புரிந்துகொண்டது ஓர் ஏப்ரல் காலையில். முகுந்தராயர் சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே, சித்தப்பா மகனோடு தென்கரையில் நின்றிருந்தேன். முன்னறிவிப்பில் அலை உயரம் 1.1 மீட்டர் என்றும், அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் 16 விநாடி என்றும் போட்டிருந்தது. தம்பி முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “இடுப்பளவுதானே அண்ணே” என்று சொல்லிக் காற்கயிற்றைக் கட்டத் தொடங்கினான். காற்றே இல்லை. ஏழெட்டு நிமிடங்களுக்கு உருப்படியாக ஓர் அலைகூட எழவில்லை. கரைவலை இழுக்க வந்திருந்த பெரியவர் ஒருவர், “கொஞ்சம் பொறுங்க தம்பி, தண்ணி உள்வாங்குது பாருங்க” என்றார். அவர் கைகாட்டிய இடத்தில் ஈரமணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்துகொண்டே போனது. நண்டு வளைகளிலிருந்து சிறு குமிழிகள் கிளம்பின. பிறகு ஐந்து அலைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது அலை நாங்கள் செருப்பை விட்டிருந்த மேட்டையும் தாண்டி ஏறி, பெரியவரின் கயிற்றுச் சுருளைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்பியது. தம்பி அரைமணி நேரம் முன்னதாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த 16 விநாடிதான் முழுக் கதையையும் சொல்லியிருந்தது. ஆழ்கடலில் 5 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். 16 விநாடி அலையின் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் நீண்ட அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல். அது ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, பின்னாலிருந்து வரும் ஆற்றல் நெருக்க, மேலும் உயர்ந்து எழுகிறது. கடலுக்குள் ஒரு மீட்டராக இருந்தது கரையில் உடையும்போது ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிடலாம். கூட்டமாக வருவதும் இடையில் நெடுநேரம் ஓய்ந்திருப்பதும் அதன் இயல்பு. அந்த ஓய்வைப் பார்த்துத்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கள்ளக்கடல் என்று கேரளக் கரையில் பெயர் வைத்தது இதன் மிகைநிலைக்குத்தான்: உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமல், தென்பெருங்கடலின் புயல்கள் எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து, தெளிந்த வானத்தின் கீழ் கரையேறுகிறது. 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அப்படி ஓர் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான்.

ஆகவே தென்கரைக்கு நான் வைத்திருக்கும் கணக்கில் உயரத்துக்கு இரண்டாம் இடம்தான். இடைவெளி 9 முதல் 12 விநாடிக்குள்ளும் உயரம் ஒரு மீட்டருக்குள்ளும் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்த, வேறு கரைகளில் பழகிய ஒருவர் இறங்கலாம். 14 விநாடிக்கு மேல் போனால், உயரம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. இது என் சொந்த வரம்பு; இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்கிறவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

அடுத்தது காற்று. ஜூன் முதல் செப்டம்பர்வரை அடிக்கும் தென்மேற்குக் காற்றை இங்கே கச்சான் என்கிறோம். அது தென்கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. அலைக்கு உயரம் இருக்கும். ஆனால் அதன் முகம் நுரையாகச் சிதறி, சறுக்குவதற்கு ஒரு வழுவழுப்பான சரிவுகூடக் கிடைக்காது. மணலும் முகத்தில் அறையும். இந்த மாதங்களில் தென்கரையை அலைச்சறுக்குக்கு நல்லது என்று யாராவது சொன்னால், அவர் அலையின் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறார் என்றே நினைப்பேன்.

அதே கச்சான் அரியமானில் செய்வது முற்றிலும் வேறு. நிலத்தைக் கடந்து வரும் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், நீர் கண்ணாடிபோல் தட்டையாகக் கிடக்கும். குடும்பத்தோடு வந்தவர்கள் குழந்தையைத் துடுப்புப் பலகையில் உட்காரவைத்துத் தள்ளிவிடத் தோன்றும் அளவுக்குச் சாந்தமாக இருக்கும். பெண் கடல் என்ற பெயர் ஏமாற்றும் இடம் இதுதான். கரையோரம் தோப்பின் மறைவில் காற்று தெரியாது. நூறு மீட்டர் உள்ளே போனதும் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பிடித்துக்கொள்ளும். நின்றபடி துடுப்புப் போடுகிறவரின் உடம்பே பாயாகிவிடுகிறது. திரும்பி வர முடியாமல் போனால் முதலில் செய்ய வேண்டியது பலகையின் மேல் படுத்துக் காற்றுக்கு உடம்பைக் காட்டாமல் கையால் துழாவுவது. ஒருபோதும் செய்யக் கூடாதது பலகையை விட்டுவிட்டு நீந்துவது. ஆர்ப்பரிக்கும் தென்கடல் நம்மைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். அமைதியான வடகடல் உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடும். கச்சான் மாதங்களில் எனக்கு வடகடலைப் பற்றித்தான் அதிகக் கவலை.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கும் கைட் சர்ஃபிங்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குக் காற்றுதான் முதல். மணிக்கு 25 முதல் 40 கி.மீ. காற்றும் தட்டையான நீரும் சேர்ந்து கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் அவர்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வருகிறார்கள். அவர்கள் ‘அருமையான நாள்’ என்று சொல்வதைக் கேட்டு அலைச்சறுக்குக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கியதும் கரைகள் இடம் மாறுகின்றன. வடகிழக்கிலிருந்து வரும் காற்று அரியமானில் நேராகக் கரையேறி, மூன்று முதல் ஐந்து விநாடிக்கு ஒன்றாகக் கலங்கிய குட்டை அலைகளை அடித்துக்கொண்டே இருக்கும். ஆண் கடல் அப்போது பெண் கடலாகிவிடுகிறது; காற்று தென்கரையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால், தெற்கிலிருந்து மிச்சமாக வரும் சிறிய அலைகூட நேர்த்தியாக நின்று, மெதுவாக உடையும். சனவரி, பிப்ரவரி அதிகாலைகளில் தென்கரை காட்டும் அழகு அதுதான். ஆனால் அரியமானில் கச்சானுக்குச் சொன்ன எச்சரிக்கை அப்போது இந்தக் கரைக்கும் பொருந்தும்.

இதோடு நீரோட்டமும் திசை மாறுகிறது. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் விரிகுடாவுக்கும், வாடைக் காலத்தில் அங்கிருந்து இங்கும் பாம்பன் வழியாகவும் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள திட்டுகளின் இடுக்குகள் வழியாகவும் நீர் பாய்கிறது. அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்ற தடைக்குப் பின்னால் இருப்பது இந்த ஓட்டம்தான். அங்கே அலை எத்தனை ஒழுங்காக உடைந்தாலும் அது ஒப்பீட்டுக்கே வராது. ஏற்றவற்றத்தின் வேறுபாடு இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

முன்னறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசிச் செயலிகள் தரும் எண்கள் பெரும்பாலும் உலகளாவிய கணினி மாதிரிகளிலிருந்து வருபவை. அவை கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன; கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலமானது. அத்தகைய ஒரு கட்டத்துக்குள் தனுஷ்கோடியின் இரு கடல்களும் அடங்கிவிடலாம் என்பதால், ‘ராமேஸ்வரம்’ என்ற பெயரின் கீழ் வரும் அலை உயரம் எந்தக் கடலுக்கும் உரியதாக இல்லாமல் போகலாம். காற்றுக்கு இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், அலைக்கு ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பையும் நான் நம்புகிறேன். பின்னது அலையின் உயரத்தோடு இடைவெளியையும் திசையையும் தனித்தனியே தருகிறது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது.

துறைமுகமும் ஒரு முன்னறிவிப்புத்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை என்றால் அன்று கடலைப் பற்றி வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எப்படியும் கட்டித்தான் கிடக்கும். கள்ளக்கடல் அதிகம் எதிர்பார்க்கப்படும் வாரங்களில் அந்த அடையாளம் வாய்மூடிவிடுகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை.

பாம்பனில் புயல் கூண்டு ஏறிய நாளில் இந்த ஒப்பீடே கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவில் ஒரு பயணிகள் ரயிலையும் ஓர் ஊரையும் கடல் கொண்டுபோன மணல் இது. 2020 டிசம்பரில் புரெவி ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது. ‘நாளைக்குக் கரையைக் கடந்துவிடும், மறுநாள் அலை நன்றாக இருக்கும்’ என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சேதுக்கரை, கீழக்கரைப் பக்கம் போகலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தீவுகளும் பாறையும் அலையை முன்னாலேயே உடைத்துவிடுவதால் அங்கே பலகைக்கு வேலை குறைவு. தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது.

புதிதாகக் கற்கிறவருக்கு என் பதில் அரியமான், அல்லது அதே கரையிலுள்ள பிரப்பன்வலசை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாடை தளர்ந்த பிறகு, காலை ஒன்பது மணிக்குள், காற்று கரையை நோக்கி மெதுவாக வீசும் நாளில். மணலில் திருக்கை படுத்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். பழகியவருக்கு என் பதில் தனுஷ்கோடித் தென்கரை. வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன்னால் வரும் மார்ச் மாதத்துச் சில வாரங்களிலும், கச்சான் ஓய்ந்து வாடை பிடிப்பதற்கு முன்னால் வரும் அக்டோபர் நாள்களிலும் மட்டும். கடலோரக் காவல் குழுமத்தாரிடமும் அங்குள்ள மீனவர்களிடமும் சொல்லிவிட்டு, தனியாக அல்லாமல் போக வேண்டும். முன்னறிவிப்பை ராமேஸ்வரத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. முனையை நெருங்கும்போது கைபேசி இலங்கைச் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்து, ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையிலுள்ள விநாடிகளை எண்ணுங்கள். குறித்துவந்த எண்ணும் எண்ணிய எண்ணும் ஒத்துவராவிட்டால், எண்ணியதை நம்பிப் பலகையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.