கேஸ் கம்மியா இருக்கு சார்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, திருச்செந்தூரில் தரிசனம் கிடைத்தது, இருட்டுக்கடை வரிசையிலும் நின்றாயிற்று. அதையெல்லாம் எழுத வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அத்தானுடைய காரின் ஏசியைப் பற்றி மட்டும்.

நான் இருப்பது டாலஸ். ஆகஸ்டில் 40 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. ஆனால் அங்கே வெயிலில் நிற்கவே வேண்டியதில்லை. வீட்டு ஏசியிலிருந்து கார் ஏசி, கார் ஏசியிலிருந்து ஆபீஸ் ஏசி. பாளையங்கோட்டையில் கத்திரி வெயிலில் பத்திரிகை வைக்கப் போகும்போது நமக்கு இருக்கும் ஒரே புகலிடம் அந்தக் கார்தான். 2013 மாடல். பைபாஸில் எண்பதில் போனால் ஊட்டி. வண்ணாரப்பேட்டை சிக்னலில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிவிடும். திருச்செந்தூர் ரோட்டில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். அக்கா கல்யாணப் பத்திரிகையையே விசிறியாக்கிவிட்டாள். பின் சீட்டில் அத்தை, "அம்பாசிடர்ல இந்தப் பாடெல்லாம் கிடையாது, கண்ணாடிய இறக்குனா காத்து வரும்" என்றார். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பில்லை.

முதலில் போன கடையில் நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. "கேஸ் கம்மியா இருக்கு சார்." பானெட்டைத் திறந்தார், ஒரு டப்பாவை மாட்டினார், கையால் ஏசி துவாரத்தைத் தொட்டுப் பார்த்தார், 1,800 ரூபாய். எடை மெஷினும் இல்லை, பிரஷர் மீட்டரும் இல்லை. இத்தனை கிராம் கேஸ் பிடிக்கும் என்று கம்பெனிக்காரனே பானெட்டுக்குக் கீழே ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறான். அதன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு? அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது வேறு. திடீரென்று குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதானே வேலை? எங்களுக்கோ கேஸ் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமானது. முன்பு சிக்னலில் இரண்டு மூன்று நிமிடமாவது தாங்கும். இப்போது நின்ற உடனேயே, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் 'டக்' என்று கட்டாகிறது.

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், சோபா. அந்த வெயிட்டிங் ஹாலில் ஏசி என்னவோ பிரமாதம். அட்வைசர் தம்பி டேப்லெட்டில் ஜாப் கார்டு போட்டார், காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். எப்போது கூல் ஆகிறது, எப்போது ஆகவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. மாலையில் வாட்ஸப்பில் எஸ்டிமேட் வந்தது: கம்ப்ரசர் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய். ஏன் என்று போன் போட்டுக் கேட்டேன். "டெக்னீஷியன் சொல்லிட்டார் சார்." டெக்னீஷியனிடம் பேச முடியுமா என்றேன். அதற்கு வழியில்லையாம். காரைத் திருப்பி எடுத்து வந்தபிறகு, சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்குப் பத்து போடுவீர்களா என்று ஒரு பெண் கூப்பிட்டுக் கேட்டார். கொதித்தது. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

டாலஸில் இந்த விஷயம் வேறு மாதிரி. ஏசியைச் சோதித்துச் சொல்வதற்கே நூற்றைம்பது டாலர் வாங்கிவிடுவார்கள். ரிப்பேர் கூலி தனி. ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்; பார்த்துச் சொல்ல எதற்குக் காசு என்பார்கள். நானும் வருஷக்கணக்காக அந்தக் காசை முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். ஆனால் இந்த மே மாதத்தில் எனக்கு அதன் நியாயம் பிடிபட்டது. பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லையென்றால், கடைக்காரர் பிழைக்க எதையாவது விற்றுத்தானே ஆக வேண்டும்? சின்னக் கடை கேஸ் விற்கிறது, பெரிய கடை கம்ப்ரசர் விற்கிறது.

மூன்றாவது ஆளை அத்தானின் நண்பர் சொன்னார். மேலப்பாளையம் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் வேப்ப மரம், போர்டு கூடக் கிடையாது. ஐம்பது வயதிருக்கும். காரைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார்: "ஓடயில கூலா இருக்கா அண்ணாச்சி, நிக்கயில கூலா இருக்கா?" ஓடும்போது என்றேன். "கேஸ் போட்ட பொறவு கூடிச்சா, கொறஞ்சுதா?" குறைந்தது என்றேன். சிரித்தார். இந்த இரண்டு கேள்விக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

நீலம், சிவப்பு என்று இரண்டு மீட்டர் உள்ள பிரஷர் கேஜை ஏசிக் குழாய்களில் மாட்டினார். காரை நிறுத்தியபடியே ஏசியைப் போட்டார். சிவப்பு முள் முந்நூறைத் தாண்டி, முந்நூற்றைம்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அவன் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து, கார் முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஊற்றினான். முள் இறங்கியது! கண் முன்னால், இருநூறு பக்கம் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த அத்தான் கத்தினார்: "மாப்ளே, கூலா வருது!" அப்படி ஒரு சந்தோஷக் குரலைக் கல்யாண வீட்டில்கூட அவரிடம் நான் கேட்கவில்லை.

உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுபோய்த் தள்ளுவது கண்டென்சரின் வேலை. கார் ஓடினால் எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடும். நின்றால் ஃபேன் சுற்ற வேண்டும். எங்கள் காரில் ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன், கண்டென்சருக்கு ஒரு ஃபேன். ரேடியேட்டர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றியதால் எஞ்சின் சூடாகவில்லை, யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. இன்னொன்று சும்மா நின்றுகொண்டிருந்தது. சூடு போக வழியில்லாமல் பிரஷர் ஏற, அபாயம் என்று பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. அதன் தலையில் தேவையில்லாத கேஸையும் ஏற்றினால் இன்னும் சீக்கிரம் நிறுத்தும். கம்ப்ரசர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு டைரக்டாக வயர் கொடுத்தார். அசையவில்லை. ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு தட்டினார், அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. "கார்பன் தேஞ்சு போச்சு. மோட்டாரயே மாத்திருவோம்." அவ்வளவுதான் நோய்.

இவரிடமும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். கேஸ் கூடிப்போனதால் முழுவதையும் இறக்க வேண்டும் என்று வால்வைத் திறந்து 'உஸ்ஸ்' என்று ஊர்க் காற்றிலேயே விட்டார். இந்தக் காரில் இருக்கும் கேஸின் பெயர் ஆர்-134ஏ; அது ஒரு கிலோ வெளியே போனால் ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட கணக்கு. அமெரிக்காவில் தெரிந்தே இப்படி விட்டால் சட்டப்படி குற்றம், மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். சொன்னேன். "அந்த மெசின் வெல என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்து, டிஜிட்டல் தராசில் சிலிண்டரை வைத்து, ஸ்டிக்கரில் இருந்த அளவுக்குச் சரியாக நிரப்பினார்.

மோட்டார், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 4,600. கண்டுபிடித்துச் சொன்னதற்கென்று தனியாக ஆயிரம் நீட்டினேன். வாங்கவே இல்லை. "பாத்துச் சொன்னதுக்கெல்லாம் ரூவா வாங்கப்புடாது" என்றார். வாங்கினால்தான் மற்ற கடைகளும் உருப்படும் என்று விளக்க ஆரம்பித்தேன். அத்தான் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

கிளம்பும்போது வேறொன்று கேட்டார். கேஸ் எங்கே கசிகிறது என்று மோப்பம் பிடிக்கும் லீக் டிடெக்டர் அமெரிக்காவில் நல்லதாகக் கிடைக்குமாமே, அடுத்த தடவை வரும்போது ஒன்று வாங்கி வர முடியுமா, ரூபாய் தந்துவிடுகிறேன் என்றார். மாடல் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். டாலஸில் விலை விசாரித்துவிட்டேன். கேபின் பேக்கில் விடுவானா, செக்-இன்னில்தான் போட வேண்டுமா என்று யாராவது கொண்டு போனவர்கள் சொல்லுங்கள்.